படம் போடுவதற்கு முன் விண்ணப்பம் போடுங்கள்

கிழக்கிலங்கையின் மருதமுனையில் எனக்கு நெருக்கமான கைத்தறிக்காரர் ஒருவர் இருக்கிறார். வயதில் மூத்தவர், அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு பெருநாளுக்கு முன் அவர் சேலைக்குப் புதுக் கரை ஒன்று போட்டார். மீன் செதில் வரிசையும் வாவி அலையும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வருகிற கரை. நூலின் நிறம் ஒத்துவரவில்லை என்று நாலைந்து தடவை அவிழ்த்து நெய்திருப்பார். முதல் சேலை தறியை விட்டு இறங்கிய அன்றே மகள் அதைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டாள். விருப்பங்கள் குவிந்தன, பத்துப் பன்னிரண்டு சேலைக்கு ஓடரும் வந்தது. அடுத்த பெருநாளைக்குள் அதே கரை, விசைத்தறியில் நெய்தது, பாதி விலைக்கு ஒரு கடையில் தொங்கியது.

"தம்பி, டிசைனப் பதிஞ்சி வெச்சா மத்தவன் எடுக்க ஏலாது எண்டு சொல்றாங்களே. இப்ப பதிய ஏலுமா?" என்று கேட்டார்.

ஏலாது. அந்தக் கரைக்கு இனி ஏலாது. பேஸ்புக்கில் படம் ஏறிய அந்த நிமிடத்தோடு அது முடிந்துவிட்டது. ஏன் என்று அவருக்கு விளக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கத் தேவைப்பட்டது. அந்தப் பின்னேரம் பேசியதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் நம் ஆட்கள் இழப்பதில் பாதி, சட்டத்தரணியிடம் போவதற்கு முன்பே போய்விடுகிறது.

ஒரு பொருள், பல உரிமை

புலமைச் சொத்து என்றால் மூளையால் உண்டாக்கிய ஒன்றின் மேல் சட்டம் தருகிற உரிமை. இலங்கையில் இதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. அதற்கு முன் 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. பதிவுகளைக் கவனிப்பது கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், "என் பொருளைப் பதிய வேண்டும்" என்று நாம் சொல்லும்போது. பொருளை முழுசாகப் பதிய முடியாது. அதில் உள்ள ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒவ்வொரு வகை உரிமை இருக்கிறது.

நம் வயல் வட்டைகளில் ஓடுகிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பனியின் வண்டியாக இருந்தாலும் நமக்கு அது லேண்ட்மாஸ்டர்தான். அந்தப் பெயர் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் இருந்த ஒரு கம்பனியின் பெயர். 1950களில் அந்தக் கம்பனி தயாரித்த இரண்டு சில்லு வண்டியை வடிவமைத்தவர் ஓர் இலங்கையர், ரே விஜேவர்தன. பிற்காலத்தில் அவரே தன் படைப்பைக் குறைகூறினார். தான் செய்தது எருமையை இயந்திரமாக்கியதுதான், விவசாயத்தின் அடிப்படைச் சிக்கலை அது தீர்க்கவில்லை என்பது அவருடைய கருத்து. அது வேறு கதை.

அப்படி ஒரு வண்டியில் என்னென்ன இருக்கிறது? இயந்திரத்தின் வலு சில்லுக்குப் போகும் விதத்தில் ஒரு புதிய பொறிமுறை இருந்தால் அதற்குப் பேட்டன்ட். தமிழில் ஆக்கவுரிமை என்றும் எழுதுவார்கள். வண்டியின் மூடியிலும் கைபிடியிலும் கண்ணுக்குத் தெரிகிற அழகுக்கு, தோற்றத்துக்கு, கைத்தொழில் வடிவமைப்புப் பதிவு. சுருக்கமாக டிசைன். பெயருக்கும் சின்னத்துக்கும் வர்த்தகக் குறி. கூடவே தருகிற கைநூலில் உள்ள எழுத்துக்கும் படத்துக்கும் பதிப்புரிமை. இதற்குப் பதிவே தேவையில்லை, எழுதிய கணத்திலேயே வந்துவிடும். இரும்பை எந்த வெப்பத்தில் பதப்படுத்துகிறோம் என்பதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தால் அது வியாபார இரகசியம்.

எப்படி வேலை செய்கிறது, எப்படித் தோன்றுகிறது, யாருடையது என்று வாங்குகிறவர் எதை வைத்து அறிகிறார். இந்த மூன்று கேள்வியையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் மீதியெல்லாம் விளங்கத் தொடங்கும்.

பெயரைப் பற்றி ஒரு சின்ன விஷயம். எல்லா வண்டியையும் லேண்ட்மாஸ்டர் என்று நாம் கூப்பிடுகிறோமே, அது பெயரின் சொந்தக்காரருக்குப் பெருமை போலத் தெரியும். உண்மையில் ஆபத்து. ஒரு வர்த்தகப் பெயர் அந்த வகைப் பொருளுக்கே பொதுப் பெயராகிவிட்டால், அது தன்னுடையது மட்டுமே என்று வாதாடும் வலு குறைந்துகொண்டே போகும்.

தோற்றத்துக்கு உரிமை

காக்காவின் கரை இந்த வகை. நம் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். கோடுகள் அல்லது நிறங்களின் சேர்க்கை, அல்லது முப்பரிமாண வடிவம், ஒரு கைத்தொழில் பொருளுக்கோ கைவினைப் பொருளுக்கோ தனித் தோற்றம் தருமானால் அது வடிவமைப்பு என்கிறது சட்டம். கைவினை என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. பெரிய தொழிற்சாலைக்காரருக்கு மட்டும் என்று நினைத்து நம் நெசவாளரும், பன் பாய் இழைக்கிற பெண்களும், குயவரும் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை.

இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, வேலைக்காக மட்டுமே அமைந்த வடிவத்துக்கு டிசைன் உரிமை கிடையாது. நம் பக்கத்து எருமைத் தயிர்ச் சட்டியை நினைத்துப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் சரியாமல் நிற்க வேண்டும் என்பதற்காக மட்டும் அடியில் ஒரு பள்ளம் வைத்தால், அது தொழில்நுட்பத் தேவை. அதைத் தோற்றம் என்று சொல்லிப் பதிய முடியாது. அதே சட்டியின் தோளைச் சுற்றி யாரும் போடாத ஒரு வரிக்கோலம் போட்டால், அந்தக் கோலத்தைப் பதியலாம்.

இரண்டாவது எல்லைதான் காக்காவை விழுத்தியது: வடிவமைப்பு புதியதாக இருக்க வேண்டும். எங்கே புதியது? மருதமுனையில் மட்டும் அல்ல, இலங்கையில் மட்டும் அல்ல. விண்ணப்பம் போகும் நாளுக்கு முன் உலகின் எந்த மூலையிலும், எந்த வழியிலும் அது பொதுமக்களுக்குக் கிடைத்திருக்கக் கூடாது. விற்றது, காட்சிக்கு வைத்தது, படம் போட்டது எல்லாம் கணக்கில் வரும். அதிலும் கொடுமை என்னவென்றால், போட்டவர் நீங்களேயானாலும் கணக்குத்தான். "என்ர மகள்தானே போட்டாள்" என்று காக்கா கேட்டார். சட்டம் அதைக் கேட்பதில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதிகாரபூர்வமான, அல்லது அப்படி அங்கீகரிக்கப்பட்ட சர்வதேசக் கண்காட்சியில் வைத்திருந்தால், ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும், அப்போது அந்தக் காட்சியை மட்டும் வைத்துப் புதுமை போனதாகக் கொள்ளமாட்டார்கள். பிரதேச செயலகம் நடத்துகிற விற்பனைச் சந்தை, பாடசாலைக் கண்காட்சி, வாவிக்கரையில் போடுகிற கடைத்தட்டு இவையெல்லாம் சர்வதேசக் கண்காட்சி அல்ல.

புதுமை என்றால், ஏற்கெனவே இருக்கும் ஒன்றிலிருந்து சில்லறை மாற்றம் செய்வதும் போதாது. நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாக இழைத்து வந்த பாய்க்கோலத்தில் ஒரு நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு இது என்னுடைய டிசைன் என்று பதியப் போனால், அது நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை. பாரம்பரியக் கோலம் யாருடைய தனிச் சொத்தும் அல்ல. நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கு நம் சட்டத்தில் 24ஆம் பிரிவு தனியாகவே இருக்கிறது. ஆனால் அந்த மரபை நன்றாகப் படித்து, அதிலிருந்து உண்மையிலேயே வேறான ஒன்றை உண்டாக்கினால் அது உங்களுடையது. மரபு எங்கே முடிகிறது, உங்கள் கை எங்கே தொடங்குகிறது என்பதை விண்ணப்பத்தில் காட்டத் தெரிய வேண்டும். இதைப் பாயில் கைவைத்தவர்களே நன்றாகச் சொல்வார்கள்.

பதிவு கிடைத்தால் விண்ணப்பம் பெறப்பட்ட நாளிலிருந்து ஐந்து வருடம் பாதுகாப்பு. பிறகு ஐந்து ஐந்து வருடமாக இன்னும் இரண்டு தடவை புதுப்பிக்கலாம். மொத்தம் பதினைந்து. அந்தக் காலத்தில் வேறு யாரும் உங்கள் அனுமதி இல்லாமல் அந்த வடிவத்தில் பொருள் செய்து வியாபாரம் பண்ணவோ, இறக்குமதி செய்து விற்கவோ முடியாது. ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கு ஒரு சேலை நெய்துகொள்வதை இது தடுக்காது.

"கொஞ்சம் மாத்திட்டா பிரச்சினை இல்லையாமே, இருபது வீதம் மாத்தினாப் போதுமாமே" என்று கடைக்காரர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்படி எந்த வீதக் கணக்கும் சட்டத்தில் இல்லை. பதிந்த வடிவமைப்பிலிருந்து சின்னச் சின்ன இடத்தில் மட்டும் வேறுபட்டிருக்கிறது என்பதால் நகல் நியாயமாகிவிடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. சேலையில் பதிந்த கோலத்தை எடுத்துக் கைப்பையில் போட்டாலும் அதே கதைதான்.

வேலை செய்யும் விதத்துக்கு உரிமை

களுவாஞ்சிகுடியில் என் மச்சான் ஒருவன் வெல்டிங் கடை வைத்திருக்கிறான். லேண்ட்மாஸ்டருக்குப் பின்னால் மாட்டுகிற ஒரு விதைப்பெட்டி செய்தான். நெல்லை வீசி விதைக்காமல் வரிசையாக விழுத்துகிற பெட்டி. பேட்டன்ட் எடுக்கப் போகிறேன் என்று நின்றான்.

பேட்டன்டுக்கு மூன்று சோதனை. புதியதாக இருக்க வேண்டும், அதில் ஒரு புத்தாக்கப் படி இருக்க வேண்டும், தொழிலில் செய்து பயன்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவது பெரும்பாலும் பிரச்சினை தராது. முதலிரண்டும்தான் ஆட்களை நிறுத்தும்.

நெல்லை வரிசையாக விதைக்கிற உருளைக் கருவிகள் ஆசிய நாடுகளில் எப்போதோ வந்துவிட்டன. ஆக "வரிசை விதைப்புப் பெட்டி" என்ற எண்ணமே புதிதல்ல. மச்சானின் முகம் வாடிப்போனது. சரி, உன் பெட்டியில் மற்றவற்றில் இல்லாதது என்ன என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வரம்பில் வண்டியைத் திருப்புவதற்காகக் கைபிடியைத் தூக்கும்போது விதைத் துளைகள் தானாக மூடிக்கொள்ளும் ஒரு தட்டு வைத்திருப்பதாகச் சொன்னான். திருப்பத்தில் விதை கொட்டி வீணாவதில்லையாம். பேச வேண்டிய இடம் அதுதான். கண்டுபிடிப்பு என்பது பெரும்பாலும் முழு இயந்திரம் அல்ல. அதற்குள் இருக்கும் அந்தத் தட்டு.

அடுத்தது புத்தாக்கப் படி. அந்தத் தொழிலில் சாதாரண அனுபவம் உள்ள இன்னொருவருக்கு, இதுவரை இருப்பவற்றை எல்லாம் முன்னால் வைத்தால், அந்த யோசனை இயல்பாகவே வந்துவிடுமா? வரும் என்றால் பேட்டன்ட் இல்லை. பக்கத்துக் கடை லேத்காரர் பார்த்தவுடன் "இதுக்கென்ன, ஒரு ஸ்பிரிங் போட்டா சரி" என்று சொல்லக்கூடியது கண்டுபிடிப்பு ஆகாது. பார்த்த பிறகு எல்லாமே லேசாகத்தான் தெரியும் என்பதும் உண்மை, அதனால்தான் இந்தச் சோதனையில் வாதப்பிரதிவாதம் அதிகம்.

விண்ணப்பத்தில் விளக்கம், வரைபடம், சுருக்கம் எல்லாம் இருக்கும். ஆனால் உயிர் இருப்பது கோரிக்கைகள் என்ற பகுதியில். இதைப் புரிந்துகொள்ளக் காணி உறுதியை நினைத்துக்கொள்ளுங்கள். காணி எவ்வளவு செழிப்பானது, எத்தனை தென்னை நிற்கிறது என்பது உறுதியில் முக்கியமில்லை. வடக்கே வாய்க்கால், கிழக்கே ஒழுங்கை என்று எல்லை எழுதியிருக்கிறதே, உங்களுக்குச் சொந்தம் அந்த எல்லைக்குள் இருப்பது மட்டும்தான். கோரிக்கைகளும் அப்படித்தான். "ஆறு துளையுள்ள பெட்டி, இரண்டு ஸ்பிரிங்கால் மூடப்படும் தட்டு" என்று மச்சான் எழுதினால், இன்னொருவர் ஒரு ஸ்பிரிங்கில் அதே வேலையைச் செய்து எல்லைக்கு வெளியே நின்று சிரிப்பார். "கைபிடி உயரும்போது துளைகளை மூடும் அமைப்பு" என்று அகலமாக எழுதினால் நல்லது. ஆனால் மிக அகலமாக எழுதினால் பழைய கருவி ஏதாவது அந்த எல்லைக்குள் வந்து விழும், புதுமை போய்விடும். நொத்தாரிசு இல்லாமல் உறுதி எழுத முடியாதது போல, கோரிக்கையை எழுதத் தெரிந்த ஒருவரின் உதவி இல்லாமல் பேட்டன்டில் இறங்காதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் காசு மிச்சம் பிடிக்கலாம், இதில் வேண்டாம்.

பேட்டன்டின் ஆயுள் விண்ணப்ப நாளிலிருந்து 20 வருடம். இடையில் வருடாவருடம் கட்டணம் கட்டி அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். இதற்கு விலையாக நீங்கள் உங்கள் கண்டுபிடிப்பை, அந்தத் துறை தெரிந்தவர் வாசித்துச் செய்யக்கூடிய அளவுக்கு, முழுமையாக வெளியே சொல்ல வேண்டும். வெனிஸ் நகர அரசு 1474இல் போட்ட சட்டத்திலிருந்தே இந்தப் பேரம் நடக்கிறது: நீ புதிதாகச் செய்ததைக் கொண்டுவந்து பதி, சில காலம் உனக்கு மட்டும் உரிமை, பிறகு எல்லோருக்கும்.

சொல்ல விருப்பமில்லை என்றால் இரகசியமாக வைத்துக்கொள்ளலாம். கொக்கா கோலாவின் செய்முறை அப்படித்தான் இன்றுவரை இருக்கிறது. அதே பானத்தின் போத்தல் வளைவுக்கு, அதை வடிவமைத்த ரூட் என்ற கண்ணாடிக் கம்பனி 1915இல் அமெரிக்காவில் டிசைன் பேட்டன்ட் எடுத்தது. எதைப் பூட்டி வைப்பது, எதைப் பதிவது என்று பொருளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததும் செய்முறை விளங்கிவிடுகிற பொருளுக்கு இரகசியம் உதவாது. மச்சானின் தட்டை யாரும் கழற்றிப் பார்த்துவிடலாம். வீட்டில் இடிக்கிற ஒரு மசாலாத் தூளின் அளவுகளை அப்படிக் கழற்றிப் பார்க்க முடியாது.

பேட்டன்ட் கிடைக்காதவையும் உண்டு. இயற்கையில் இருந்ததைக் கண்டறிவது, அறிவியல் கொள்கை, கணித முறை, வியாபாரம் செய்யும் திட்டம், செடியும் விலங்கும், மனிதருக்கோ கால்நடைக்கோ செய்யும் சிகிச்சை முறை. ஒரு புதுக் கடை யோசனைக்குப் பேட்டன்ட் எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். எடுக்க முடியாது.

வெளியே காட்டிவிட்ட விஷயத்தில் பேட்டன்ட் சட்டம் டிசைனை விடக் கொஞ்சம் இரக்கமானது. கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டிருந்தால், அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் இலங்கையில் அதை மன்னிப்பார்கள். ஐரோப்பாவில் அந்தச் சலுகை இல்லை. ஏற்றுமதி பற்றி ஒரு நினைப்பாவது இருந்தால் இதை நம்பி இருக்கக் கூடாது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இறுதி வருடத் திட்டத்தைக் கண்காட்சியில் வைத்துப் படம் எடுத்துப் பத்திரிகைக்கும் கொடுத்த பிறகு வந்து கேட்காதீர்கள். கண்காட்சிக்கு முந்தின கிழமை கேளுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் அந்த வேலையின் பகுதியாகக் கண்டுபிடித்தது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால், முதலாளிக்கே சேரும். மச்சானின் கடையில் வேலை செய்யும் பொடியன்தான் அந்தத் தட்டை யோசித்தான் என்று பிறகு தெரிந்தது. உரிமை கடைக்குப் போனாலும் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவன் பெயர் போக வேண்டும் என்று மச்சானோடு சண்டை பிடித்தேன். ஒத்துக்கொண்டான். கூட்டாகச் செய்கிறவர்கள் யாருக்கு எவ்வளவு என்பதை வேலை தொடங்கும்போதே எழுதிக் கையெழுத்து வைத்துவிடுங்கள். உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்றுவதானால் அதுவும் எழுத்தில்தான் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது.

எல்லை கடந்தால் என்ன ஆகும்

இந்த உரிமைகள் நாட்டுக்கு நாடு தனி. இலங்கையில் பதிந்தது இலங்கையில்தான் செல்லும். உலகம் முழுவதற்கும் ஒரே பேட்டன்ட் என்று ஒன்று கிடையாது, அப்படி எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இலங்கையில் முதலில் விண்ணப்பித்துவிட்டு, பேட்டன்டுக்கு 12 மாதத்துக்குள், டிசைனுக்கு ஆறு மாதத்துக்குள் வேறு நாடுகளில் விண்ணப்பித்தால், முதல் விண்ணப்ப நாளையே அங்கும் கணக்கில் எடுப்பார்கள். பேட்டன்டில் சர்வதேச ஒத்துழைப்பு உடன்படிக்கை என்று ஒரு வழியும் உண்டு, இலங்கை 1982 முதல் அதில் இருக்கிறது. அதன் வழியே போனால் எந்தெந்த நாட்டில் எடுப்பது என்று முடிவு செய்யப் பொதுவாக 30 மாதம் வரை அவகாசம் கிடைக்கும்.

இதை மறுபக்கமாகத் திருப்பிப் பாருங்கள், நமக்கு இலாபம் இருக்கிறது. ஜப்பானிலோ அமெரிக்காவிலோ பேட்டன்ட் எடுத்த ஒருவர் அதை இலங்கையில் எடுக்காமல் விட்டிருந்தால், அந்தக் கருவியை நீங்கள் இங்கே செய்து இங்கே விற்கலாம். திருட்டு அல்ல. பேட்டன்ட் உள்ள நாட்டுக்கு ஏற்றுமதி செய்யத்தான் முடியாது. கோடிக்கணக்கான பேட்டன்ட் ஆவணங்கள் வரைபடத்தோடு கூகுள் பேட்டன்ட்ஸிலும், எஸ்பேஸ்நெட்டிலும், உலகப் புலமைச் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப்பிலும் இலவசமாகக் கிடக்கின்றன. மச்சானை அதில் உட்கார வைத்தேன். தன் பெட்டி புதியதா என்று பார்க்கத் தொடங்கியவன், இரண்டு மணி நேரத்தில் நெல் தூற்றும் இயந்திரங்களின் படங்களில் மூழ்கிப்போனான். எந்த வெல்டிங் கடைக்கும் இதைவிட நல்ல புத்தகசாலை இல்லை என்பது என் எண்ணம்.

பதிவுத் தபாலும் வியாபாரப் பதிவும்

டிசைனைத் தாளில் வரைந்து தனக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் உரிமை வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலாவுகிறது. வராது. அந்தத் திகதியில் அப்படி ஒரு தாள் இருந்தது என்று காட்டலாம், அவ்வளவுதான். பேட்டன்டையும் டிசைனையும் அது தராது.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டோம், ஆகவே பெயர் நமக்கே என்று நினைப்பதும் இப்படித்தான். அது நீங்கள் ஒரு வியாபாரம் நடத்துகிறீர்கள் என்பதற்கான பதிவு. பெயரையும் சின்னத்தையும் மற்றவர் பொருளில் போடாமல் தடுக்க வேண்டுமானால் வர்த்தகக் குறியாகப் பதிய வேண்டும். அது பத்து வருடத்துக்கு, பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். பேட்டன்டும் டிசைனும் ஒரு நாள் முடியும், குறி பார்த்துக்கொண்டால் முடியாது.

எனக்கு வெளிப்படையான ஓர் அபிப்பிராயம் உண்டு. நம் பக்கத்துச் சிறு உற்பத்தியாளரில் பெரும்பாலானோருக்குப் பேட்டன்ட் அவசியமில்லை. செலவும் காலமும் அதிகம். நல்ல பெயர் ஒன்றைக் குறியாகப் பதிந்து, அதிகம் விற்கக்கூடிய ஓரிரு வடிவங்களை டிசைனாகப் பதிந்தாலே நிறையப் பயன் இருக்கிறது. உண்மையிலேயே புதிய பொறிமுறை கையில் இருக்கிறவர், அதை வைத்துப் பெரிதாக விற்க அல்லது இன்னொரு கம்பனிக்கு உரிமம் கொடுக்க நினைக்கிறவர், பேட்டன்டுக்குப் போகட்டும்.

வழக்கு என்று வந்தால் இன்னொரு சங்கடம் இருக்கிறது. புலமைச் சொத்து வழக்குகளைக் கேட்பது வணிக மேல் நீதிமன்றம், அது கொழும்பில்தான் இருக்கிறது. கல்முனையில் திருடிய கரைக்கும் கொழும்பில் போய்த்தான் நிற்க வேண்டும். ஆகையால் பதிவுச் சான்றிதழை முதலில் ஒரு சட்டத்தரணியின் கடிதத்தோடு சேர்த்துப் பாவிப்பதே புத்தி. எதிர்ப் பக்கத்துக் கடைக்காரரும் கொழும்புக்கு அலைய விரும்பமாட்டார்.

காக்காவின் முதல் கரைக்கு என்ன வழி இருந்தது? டிசைன் பதிவு போய்விட்டது. ஆனால் அவர் வரைந்த மூல வரைபடம், திகதியோடு ஒரு கொப்பியில் இருந்தது. பிரயோகக் கலைப் படைப்புகளுக்கும், அதாவது பாவிக்கிற பொருளில் அமைந்த கலைக்கும், பதிப்புரிமை உண்டு, அதற்குப் பதிவு தேவையில்லை. பிரதி எடுத்தார்கள் என்பதை நிரூபிக்க வேண்டும், அதுதான் பாரம். வாங்குகிறவரைக் குழப்புகிற மாதிரி அவருடைய பெயரையும் போட்டு விற்றிருந்தால் நியாயமற்ற போட்டி என்றும் சொல்லலாம். கடைக்காரர் பெயரைத் தொடவில்லை. வரைபடத்தின் பிரதியோடு நேரில் போய்ப் பேசினார் காக்கா. இருப்பில் உள்ளதை விற்று முடித்துவிட்டு மேற்கொண்டு எடுப்பதில்லை என்று கடைக்காரர் சொன்னார். அதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு.

அடுத்த கரைக்கு ஒழுங்காகப் போனோம். அலுவலகம் கொழும்பு 10இல், டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில், சமகம் மெதுர என்ற கட்டடத்தில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து உதயதேவி ரயிலில் போனால் மருதானையில் இறங்கலாம். விண்ணப்பப் படிவத்தோடு வடிவமைப்பின் தெளிவான படம் வேண்டும், நிறம் முக்கியமென்றால் நிறத்தோடு. எந்த வகைப் பொருளுக்கு என்பதையும் குறிப்பிட வேண்டும். தெரிந்தவரை இது புதியது என்று விண்ணப்பதாரர் உறுதி சொல்ல வேண்டும். கட்டணங்கள் மாறுவதால் போகும் முன் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. படத்தை ஸ்டூடியோவில் எடுப்பதானால், எடுத்தவர் அதைத் தன் பக்கத்தில் விளம்பரத்துக்குப் போட்டுவிடாமல் முதலே சொல்லி, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். இரகசியம் காப்பேன் என்று ஒத்துக்கொண்டவருக்குக் காட்டுவது பொதுமக்களுக்குக் காட்டியதாகாது. தறியில் இருப்பவர்களுக்கும் அப்படியே.

விண்ணப்பம் போகும்வரை ஒன்றரை மாதமும் மகளின் போன் தறிக்கொட்டிலுக்குள் வரவில்லை. விண்ணப்பம் கையேற்கப்பட்ட பிறகே முதல் படம் பேஸ்புக்கில் ஏறியது. விண்ணப்பம் கையேற்கப்பட்ட திகதியைக் காக்கா கொட்டில் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார். ஐந்து வருடக் கணக்கு சான்றிதழ் வந்த நாளிலிருந்து அல்ல, அந்தத் திகதியிலிருந்துதான் ஓடுகிறது.